நோய்ப் பேரிடருக்கு முன்னேற்பாடு: வீடும் அண்டை அயலும்



மழைக்காலம் தொடங்கிவிட்டால், பால்மரம் சீவப் புறப்படுகிறவர் விடியுமுன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். மேகத்தையும் காற்றையும் பார்த்துவிட்டுத்தான் அன்றைய வேலையைக் கணக்குப் போடுவார். மழையைப் பற்றி இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், நோய் விஷயத்தில் அப்படி இருக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. நோய் வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் தண்ணீர் எங்கே, மாத்திரை எங்கே, யாரிடம் வண்டி இருக்கிறது என்று தேடுகிறோம்.

பொதுச் சுகாதார அவசர நிலை என்ற சொல் 2020ஆம் ஆண்டில் நம் எல்லாருடைய காதுக்கும் பழகிப் போயிற்று. அதன் பொருள் என்ன? ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது அந்த வீட்டுக் கவலை. ஒரே வாரத்தில் பலர் நோயில் விழுந்து, மருத்துவமனைக் கட்டில்கள் நிறைந்து, பேருந்தும் கடையும் வழக்கம்போல் இயங்காமல் போனால், அது ஊர் முழுவதற்கும் வந்த அவசர நிலை. அந்த நேரத்தில் உதவி வரும். ஆனால் உடனே வராது. உதவி வந்து சேரும்வரை ஒரு வீடும் அதைச் சுற்றியுள்ள வீடுகளும் தம்மைத் தாமே தாங்கிக்கொள்ள வேண்டும். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடிய அனுபவம் அல்ல அது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. சில நாள்களில், ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டுமே பொருள் வாங்க வெளியே போகலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள் என்று ஆயிற்று. நான் பணியாற்றும் தோட்டத்தில் நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து வீடுகளைக் குறித்துக்கொண்டோம். அனுமதி பெற்று, வாரந்தோறும் பாடத் தாள்களோடு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் அந்த வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தோம். எல்லாருக்கும் உதவி போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நான் நம்பினேன்.

கடைசி லயத்தின் கோடி வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். பிள்ளைகள் ஜொகூரில் வேலை. பாட்டிக்கு நீரிழிவு. மாதம் ஒரு முறை பேருந்தில் பட்டணத்துக் கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். அந்த மாதம் பேருந்து வரவில்லை. இரண்டாவது வாரத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது. வேலிக் கம்பி குத்திக் காலில் ஏற்பட்ட சிறு புண், ஆறாமல் பெரிதாகிவிட்டது. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர்தான், இரண்டு நாளாகப் பாட்டி வீட்டு வாசல் கூட்டப்படவில்லை என்பதைக் கவனித்து, பள்ளி வாசலுக்கு ஓடி வந்து, “நெனெக் சாகிட், சிக்கு” என்றார். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்.

பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் நான் பார்க்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. “ஒங்க கணக்குல நான் இல்லீங்களே, வாத்தியாரே” என்று மட்டும் சொன்னார்.

அது உண்மை. எங்கள் பட்டியலில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகள்தாம் இருந்தன. பாட்டியும் இல்லை, பாட்டியைக் காப்பாற்றிய அந்தத் தொழிலாளியும் இல்லை. அரிசியும் முகக்கவசமும் எங்களிடம் போதுமான அளவு இருந்தன. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்ற கணக்குத்தான் இல்லை.

நேயர்களே, இந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், ஒவ்வொரு வீடும் தனக்குள்ளே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளைப் பார்ப்போம்.

நோய்களின் பெயர்கள் பலவாக இருக்கலாம். அவை நம்மிடம் வரும் பாதைகளில் முக்கியமானவை மூன்று. ஒன்று, தண்ணீரும் உணவும். இரண்டு, கொசுவும் விலங்கும். மூன்று, மனிதர் விடும் மூச்சு. எந்தப் பாதையில் நோய் வருகிறது என்று தெரிந்தால்தான் எதை அடைப்பது என்று தெரியும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் உண்டு. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் அது ஒரு புதிய கிருமி என்பதைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா கிருமி எனப்பட்டது. நோயுற்ற பன்றிகளிடமிருந்து அது மனிதருக்கு வந்தது. பாதை தெரிந்த பிறகு, பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டு நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டுவிட்டார்கள். பண்ணைகளில் பன்றிகள் உரக்க இருமியதை அங்கிருந்தவர்கள் கேட்டிருந்தார்கள். ஆகவே, வழக்கத்துக்கு மாறாக எதைக் கண்டாலும் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஒரே லயத்தில் ஒரு வாரத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால், அதுவும் சொல்லப்பட வேண்டிய செய்திதான்.

இப்போது முதல் பாதையான தண்ணீரைப் பார்ப்போம். வெள்ளம் வந்தாலும் குழாய் நின்றாலும் முதலில் கெடுவது குடிநீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர் வேண்டும். மூடியுள்ள கலன்களில் பிடித்து வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். சந்தேகமான தண்ணீரைக் கொப்புளம் எழும்பக் கொதிக்கவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்திருங்கள்.

வயிற்றுப்போக்கிலும் வாந்திபேதியிலும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே. இழந்ததை வாய் வழியாகவே திருப்பிக் கொடுக்கலாம். 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, இந்திய எல்லையில் இருந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளை குவளையாகப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 20, 30 என்று இருந்த சாவு, அவருடைய பராமரிப்பில் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அங்கே உயிரைக் காத்தவை தாய்மார்களின், சகோதரர்களின் கைகள்தாம்.

மருந்துக் கடைகளில் இந்த உப்புப் பொட்டலம் கிடைக்கிறது. பத்துப் பொட்டலமாவது வீட்டில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்தாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், குடிக்கவே முடியாமல் சோர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு வரும் இன்னொரு நோய் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, கால் வெடிப்பு வழியாகவும் புண் வழியாகவும் கிருமி உள்ளே புகும். ஆகவே, சேற்றைக் கழுவும்போது பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ள நீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இரண்டாவது பாதை கொசு. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. 182 பேர் இறந்தார்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை பொரித்துப் புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவேதான் வாரம் ஒரு முறை என்று சொல்கிறோம். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கி வீட்டைச் சுற்றி வந்தால் போதும். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதம் கிடக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். சீவாமல் விட்ட மரங்களில் தொங்கும் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். முன்பு சொன்ன குடிநீர்க் கலன்களுக்கும் இறுக்கமான மூடி வேண்டும். தண்ணீர் சேமிக்கப் போய்க் கொசு வளர்த்துவிடக் கூடாது.

டிங்கியில் பலர் ஏமாந்து போவது காய்ச்சல் இறங்கும் நாளில். மூன்று நாளுக்கும் ஏழு நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும். பிள்ளை தேறிவிட்டான் என்று நினைப்போம். அபாயம் அப்போதுதான் தொடங்கலாம். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் அளவோடு கொடுக்கலாம். ஆஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தக் கசிவை அதிகமாக்கும், அவை வேண்டாம்.

மூன்றாவது பாதை மூச்சு. 2020ஆம் ஆண்டில் முகக்கவசத்தைப் புதுமையாகப் பார்த்தோம். அதை நோய்த்தடுப்புக்குப் பெரிய அளவில் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் 1879ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயைத் தடுக்க அவர் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். நோய் மூச்சு வழியாகப் பரவுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் அடுக்கிய கவசத்தை எல்லாரையும் அணியச் சொன்னார். அதை நம்பாத ஒரு பிரெஞ்சு மருத்துவர் கவசமின்றி நோயாளிகளைப் பார்க்கப் போய், சில நாள்களில் அதே நோயால் இறந்தார். சுமார் 60,000 உயிர்களைக் குடித்த அந்த நோய், சில மாதங்களில் கட்டுக்குள் வந்தது.

இரண்டு அறை வீட்டில் நோயாளியைத் தனியே வைப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். முழுமையாக முடியாவிட்டாலும் முடிந்ததைச் செய்யலாம். நோயாளியின் படுக்கையைச் சன்னல் பக்கம் போடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். பணிவிடை செய்பவர் ஒருவராகவே இருக்கட்டும். வயதானவரும் கர்ப்பிணியும் அந்த ஒருவராக இருக்க வேண்டாம். இருவரும் கவசம் அணியட்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பினாலும் தெளிவில்லாமல் கிடந்தாலோ 999க்கு அழையுங்கள்.

இந்த மூன்று பாதைகளுக்கும் பொதுவாக, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கட்டும். பழைய பிஸ்கட் டின் போதும். அதில் உப்புப் பொட்டலம், பாராசிட்டமோல், வெப்பமானி, முகக்கவசம், சோப்பு, புண் கட்டும் துணி, டார்ச் விளக்கு எல்லாம் வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் அடையாள அட்டை நகல்கள், பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம், கிளினிக் அட்டை வையுங்கள். ஒரு தாளில் வீட்டார் பெயர், யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முக்கியமான தொலைபேசி எண்கள் ஆகியவற்றைக் கையால் எழுதி வையுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மின்சாரம் நின்றால் இரண்டாம் நாளே அது கண்ணை மூடிவிடும்.

அன்றாடம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைசி மாத்திரைவரை காத்திருக்க வேண்டாம். ஏழு நாளுக்கு மீதம் இருக்கும்போதே அடுத்த மருந்தை வாங்கிவிடுங்கள். அரிசி, பருப்பு, மீன் டின் முதலியவற்றையும் ஒரே நாளில் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. சம்பளம் வாங்கும் மாதந்தோறும் ஒன்றிரண்டு பொருள் கூடுதலாக வாங்கினால், மூன்று மாதத்தில் ஒரு வாரச் சாப்பாடு சேர்ந்துவிடும்.

இனி, வீட்டுக்கு வெளியே வருவோம். ஒரு வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக் கால்வாய் அடைத்திருந்தால் கொசு இரண்டு வீட்டுக்கும்தான் வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி மலேரியாவைக் குறைத்தார். கால்வாய் என்பது எல்லா வீட்டையும் தொட்டு ஓடுவது. நோய்த்தடுப்பும் அப்படித்தான்.

ஆகவே, நான் முன்பு சொன்ன கணக்குக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்தது அல்ல. ஒவ்வொரு கதவையும் தட்டி எழுதியது. வீட்டு எண், இருப்பவர் பெயர், தொலைபேசி, தனியாக இருக்கும் முதியவர் யார், கர்ப்பிணி யார், கைக்குழந்தை எங்கே, நடக்க முடியாதவர் யார், மாத மருந்து வேண்டியவர் யார், வண்டி யாரிடம், யாருக்கு எந்த மொழி தெரியும், இவ்வளவுதான். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வீடுகளும் அதில் உண்டு. நோயின் பெயரை மட்டும் எழுதுவதில்லை. ‘மாத மருந்து உண்டு’ என்று எழுதினால் போதும். ஊர் வாய்க்கு அது தீனியாகிவிட்டால், அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒரு பிரதி பள்ளியிலும், ஒன்று கோயில் தலைவரிடமும், ஒன்று தோட்ட அலுவலகத்திலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு. அவர் நோயில் விழுந்தால் பார்க்க இன்னொருவர். அவசரக் காலத்தில் இவர்கள் நாளுக்கு ஒரு முறை தம் பத்து வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். நோய் பரவும் காலமென்றால் வாசலில் தள்ளி நின்று குரல் கொடுத்தால் போதும். உள்ளிருந்து பதில் வர வேண்டும். பதில் வராத வீட்டுக்கு உடனே ஆள் போக வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை பார்த்தோம். கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் பொறுப்பாளர்கள் புறப்பட்டார்கள். நான்கு தொலைபேசி எண்கள் மாறியிருந்தன. புதிதாகக் குடிவந்த ஒரு கர்ப்பிணியின் பெயர் ஏட்டில் இல்லை. இந்தக் குறைகள் சாதாரண நாளில் தெரிந்தது நல்லதாயிற்று. ஆகவே, ஆண்டுக்கு இருமுறை ஏட்டைப் புதுப்பிக்கிறோம். பள்ளி ஆண்டு தொடங்கும்போது ஒரு முறை, மழைக்கு முன், தீபாவளிக்கு வீடு கழுவும்போது ஒரு முறை.

பட்டணத்து அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் இருக்கும் நேயர்களே, இது தோட்டத்துக்கு மட்டும் உரிய வேலை அல்ல. உங்கள் மாடியில் எத்தனை கதவுகள்? ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

2021ஆம் ஆண்டு உணவில்லாமல் தவித்தவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. இனம் பாராமல் மக்கள் ஓடிப்போய் உதவினார்கள். மறக்கக் கூடாத காட்சி அது. ஆனால் எங்கள் பாட்டியைப் போன்றவர்கள் கொடி கட்ட மாட்டார்கள். கூச்சம் அவர்களைத் தடுக்கும். நோய் கண்ட வீட்டை ஊர் ஒதுக்கி வைத்தால், அந்தக் கூச்சம் இன்னும் கூடும், நோயை மறைப்பார்கள், மறைத்த நோய் பரவும். ஆகவே, கொடிக்காகக் காத்திருக்காமல் நாம் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

நேயர்களே, இந்தப் பேச்சில் பல செய்திகளைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் இன்றே செய்ய முடியாது. இன்று இரவு ஒன்றை மட்டும் செய்யுங்கள். பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுங்கள். உங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் ஐந்து வீடு, இடப்பக்கம் ஐந்து வீடு. அவற்றில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். எந்த வீட்டுக்கு எதிரே பெயர் எழுத முடியாமல் நிற்கிறீர்களோ, நாளை மாலை அந்த வீட்டுக்குப் போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

எங்கள் ஏட்டில் முதல் பக்கத்தில் முதல் பெயர், கடைசி லயத்துக் கோடி வீட்டுப் பாட்டியுடையது. அடுத்த வரியில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது.